ஒரு நாளைக்கு நாலு தெரு

துணியைக் கழுத்து வரை விலக்கிவிட்டு, "பாத்துச் சொல்லுங்க சார்" என்றார் பிணவறை ஊழியர்.

மாஸ்டர் பார்த்தார். அக்கா வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள். தொப்பி மறைத்த நெற்றி மட்டும் கோடு கிழித்ததுபோல் வெளுப்பாக இருந்தது.

"எங்க அக்காதான்."

"அடையாளக் குறி ஏதாவது சொல்லுங்க. படிவத்துல எழுதணும்."

"வலது கை ஆள்காட்டி விரல். நுனி கோணலா இருக்கும். இரும்பு மூடி விழுந்து நசுங்கினது."

ஊழியர் துணிக்கு அடியிலிருந்து வலது கையை மெதுவாக எடுத்து மேலே வைத்தார். விரல் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் மாஸ்டரின் கண் விரலில் நிற்கவில்லை. மணிக்கட்டைச் சுற்றி, நாலு விரல் பதிந்த மாதிரி, பச்சைப் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"வரும்போதே இருந்துச்சு சார். துடைச்சுப் பாத்தோம், போகல."

யாரோ பிடித்திருக்கிறார்கள். அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். படிவத்தில் 'உறவு' என்று இருந்த இடத்தில் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐம்பத்தெட்டு வயதில் அந்தச் சொல்லை எழுதுவது, பள்ளிக்கூட நோட்டில் பெயர் எழுதுவதுபோல் இருந்தது.

"தெருவுல இறந்ததால போலீஸ் கடிதம் வேணும் சார். அது வந்துட்டா நாலு மணிக்கு வேன் ரெடி. ஸ்டேஷன் மேல் தெருவுல இருக்கு."

"வண்டி போகுமா?"

"எங்க சார் போகும், பாதிக்கு மேல படிக்கட்டு. நடந்துதான் போகணும்."

மாஸ்டரின் கார் ஏற்கெனவே கீழே மைதானத்தில் நின்றது. விடியற்காலையில் கிளம்பி ஆறு மணி நேரம் ஓட்டி வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த இடமில்லை என்று காவலாளி திருப்பி அனுப்பிவிட, அங்கே விட்டுவிட்டு ஏறி வந்திருந்தார். அந்தக் கால் மணி நேர ஏற்றமே அவர் சமீபத்தில் நடந்த நடைகளில் பெரியது. தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் கார் எடுக்கிறவர் அவர். முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் வலது பாதத்தை வைத்திருப்பார். மாணவர்களுக்கு அவர் முகத்துக்கு முன்னால் 'மாஸ்டர்', முதுகுக்குப் பின்னால் 'பிரேக்'. அக்கா முன்னாலும் பின்னாலும் 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுக்கும் பட்டப்பெயர் உண்டு. மீட்டரக்கா. குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவள். வாசலில் குனிந்து இரும்பு மூடியைத் தூக்குவாள், கண்ணாடியைத் துணியால் துடைப்பாள், எண்ணைக் குறிப்பாள், அடுத்த வாசல். மாதத்துக்கு நாற்பத்தாறு தெரு. எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டான் என்றெல்லாம் அவளுக்கு மீட்டரே சொல்லிவிடும். ஆனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்காருவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பதினைந்தாவது நாள் பஸ் டிக்கெட்டோடு வந்து நின்றாள்.

"நாப்பத்தாறு தெருவையே சுத்திச் சுத்தி வந்துட்டேன்டா. நாப்பத்தேழாவது தெரு எப்படி இருக்கும்னு பாக்க வேண்டாமா?"

அப்படி ஆரம்பித்ததுதான். நாலு வருடத்தில் ஏழு ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு அறை எடுத்து ஒரு மாதம் தங்குவாள். ஊருக்குள் பஸ், டாக்ஸி எதிலும் ஏற மாட்டாள். ஒரு நாளைக்கு நாலு தெரு, அதற்கு மேல் கிடையாது. ஒரு பக்க ஓரமாகப் போய், மறுபக்க ஓரமாகத் திரும்புவாள். போகும்போது பார்த்த தெருவும் திரும்பும்போது பார்க்கிற தெருவும் வேறு வேறு என்பாள்.

"ஒரு ஊருக்கு ஒரு மாசமா? என் கார்ல வா, ஒரே நாள்ல முடிச்சுரலாம்" என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னார்.

"முடிச்சுட்டு என்னடா பண்றது?" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் இதய டாக்டர், ஏற்றம் ஏறக் கூடாது, தனியாகப் போகவே கூடாது என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, அடுத்ததாக மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன் பஸ் நிலையத்தில் அவளை இறக்கிவிடும்போது மாஸ்டருக்குக் கட்டுப்பாடு போய்விட்டது.

"எங்கயாவது விழுந்து கெடந்தீன்னா எனக்கு ஃபோன் பண்ணாத. நான் வர மாட்டேன்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள். "சரிடா" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அவர் வந்திருந்தார்.

*

ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். மாஸ்டர் மூச்சு வாங்கியபடி உள்ளே நுழைந்ததைப் பார்த்து, எதுவும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நேத்து காலைல பத்து நாப்பதுக்கு. மேல இருக்கிற படிக்கட்டுச் சந்துல. ஒரு பெயிண்டர் கூட இருந்தார். அவர்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னது. படிக்கட்டுல ஸ்ட்ரெச்சர் ஏத்தி வர நேரமாயிடுச்சு. டாக்டர் இதயம்னு எழுதிட்டார், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. இன்ஸ்பெக்டர் ரெண்டு மணிக்கு வருவார், கையெழுத்து வாங்கித் தரேன். அவங்க அடையாள அட்டை மட்டும் வேணும். அறையில இருக்கும்."

"எவ்வளவு நேரம் நெனவோட இருந்தா?"

"யாரு?"

"எங்க அக்கா. விழுந்ததுக்கு அப்புறம்."

ஏட்டு காகிதத்தைப் புரட்டினார். "விழல சார். உக்காந்தபடியேதான். வலிக்குதுன்னு உக்காந்ததிலேருந்து இருபது நிமிஷம்னு பெயிண்டர் வாக்குமூலத்துல இருக்கு."

இருபது நிமிடம். மாஸ்டர் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். நேற்றிலிருந்து எத்தனையோ முறை பார்த்துவிட்டார். நேற்றுக் காலை பத்து இருபதுக்கும் பத்து நாற்பதுக்கும் நடுவில் அழைப்பு எதுவும் இல்லை. தவறிய அழைப்பும் இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு ஆள் பத்து பேருக்குப் பேசலாம். அவள் யாருக்கும் பேசவில்லை. பேசாதே என்று ஒருவன் சொல்லியிருந்தான். சரி என்று சொல்லியிருந்தாள்.

"அறை எங்கன்னு தெரியுமா சார்? ரொட்டிக்கடை மாடி. வெளிய போய் இடது பக்கம் இறங்குங்க, ரோடு தோண்டிப் போட்டிருக்கும். அதுக்கு எதிர்ல."

சொல்லிவிட்டு ஏட்டு லேசாகச் சிரித்தார். "அந்தத் தோண்டினதே உங்க அக்கா வேலைதான். கடைக்காரர் சொல்லுவார்."

*

ரொட்டிக்கடைக்காரர் பருத்த மனிதர். புருவத்தில்கூட மாவு இருந்தது. மாஸ்டர் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மாஸ்டரின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு சுவரைக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்க."

மாஸ்டர் தொட்டார்.

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"மூணு வருஷம் சார். மூணு வருஷமா இந்தச் சுவரு ஊறிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவ பெயிண்ட் அடிச்சேன், உரிஞ்சு விழுந்துச்சு. நகராட்சில கேட்டா கூரை ஒழுகுதுங்கறான். கூரைக்காரன் வந்து நல்லாத்தான் இருக்குங்கறான். உங்க அக்கா வந்த நாலாவது நாள், ரொட்டி வாங்கிட்டு சுவரையே பாத்துட்டு நின்னாங்க. அடுப்புக்குள்ள விடுற நீளக் கம்பி ஒண்ணு குடுங்கன்னாங்க. எதுக்கும்மான்னேன். அடியில தண்ணி சத்தம் கேக்கணும்னாங்க."

அவர் கடைக்கு வெளியே வந்து, தெருவில் அவள் நின்ற இடங்களில் போய் நின்றபடியே மீதியைச் சொன்னார். மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், வண்டி சத்தம் தொடங்கும் முன்னால், அக்கா கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் ஏறியிருக்கிறாள். ஆறடிக்கு ஒருமுறை நின்று கேட்டாள். கடைக்காரரும் மாவுக் கையோடு பின்னாலேயே போனார். பதினோராவது இடத்தில் அவள் கம்பியை எடுக்கவே இல்லை. வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, "கொஞ்சம் மாவு குடுங்க" என்றாள். தரையில் மாவால் ஒரு வட்டம் போட்டாள்.

"நகராட்சி ஆளுங்க சிரிச்சாங்க சார். யாரும்மா நீன்னு கேட்டான் ஒருத்தன். நான் தெருவுல போறவதான்னாங்க. அந்த வட்டத்துலதான் தோண்டினான். பெரிய குழாய், விரல் நுழையற அளவு விரிசல். அப்புறம் அவன் சிரிக்கல."

மாஸ்டர் குழியைப் பார்த்தார். புதுக் குழாய் பதித்து மண் போட்டிருந்தார்கள். மேலே தார் மட்டும் போட வேண்டியிருந்தது.

"அம்பத்தொரு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். காலுக்கு அடியில என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. வந்து நாலே நாள்ல அவங்களுக்குத் தெரிஞ்சுது." கடைக்காரர் புறங்கையால் மூக்கைத் துடைத்தார். மூக்கிலும் மாவு ஒட்டியது. "அறைய நான் தொடல சார். அப்படியே இருக்கு."

மாடியில் சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கைகழுவும் தொட்டி. குறுக்கே கட்டிய கயிற்றில் இரண்டு காலுறைகள். ஜன்னல் மேடையில் இரண்டாவது ஜோடி நடை ஷூக்கள், உள்ளே செய்தித்தாள் திணித்து, அடிப்பாகம் வெயிலுக்குத் தெரியும்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மாஸ்டர் அவற்றை எடுத்துப் பார்த்தார். வலது ஷூ மட்டும் வெளி ஓரத்தில் அதிகம் தேய்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருடம் வலது தோளில் பை சுமந்தவளின் நடை. கார் டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அக்கா சாய்ந்து நடக்கிறாள் என்பதை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை.

அடையாள அட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. மீதி எல்லாம் ஒரே தோள் பையில் அடங்கிவிட்டன. ஒரு மாதம் வாழ வந்தவளின் மொத்த சாமான். அவர் கார் டிக்கியிலேயே இதைவிட அதிகம் கிடக்கும்.

ஃபோன் அடித்தது. அவர் மனைவி.

"அண்ணி எப்படி..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். நாலு வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. "சாப்பிட்டீங்களா?"

"இல்ல. சாயங்காலம் வேன் கிளம்பும். நான் பின்னாடியே வந்துருவேன்." கட்டிலில் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை அவ உன்கிட்டதானே பேசினா?"

"மூணு ஞாயிறும் பேசினாங்க."

"என்னைப் பத்தி ஏதாவது?"

"பிரேக் இருக்கானான்னு கேப்பாங்க. நீங்க பக்கத்துலதான் இருப்பீங்க, டிவி பாத்துட்டு. குடுக்கவான்னு கேட்டா, வேணாம், கோவம் ஆறட்டும்பாங்க."

அந்த மூன்று ஞாயிறும் அவருக்கு நினைவிருந்தது. யாருடைய ஃபோன் என்று தெரிந்துதான் டிவியின் சத்தத்தைக் கூட்டியிருந்தார்.

"வெச்சிடறேன்" என்றார்.

கீழே இறங்கியதும் கடைக்காரரிடம், "அந்தப் பெயிண்டர் எங்க கெடைப்பார்?" என்று கேட்டார்.

"படிக்கட்டுச் சந்துலதான். கைப்பிடிக் கம்பிக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்கார். நூத்தி நாப்பது படி. இன்னைக்கும் இருப்பார்." கடைக்காரர் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தார். "மெதுவா ஏறுங்க சார். உங்க அக்கா இருபது படிக்கு ஒரு தடவ நின்னு திரும்பிப் பாப்பாங்க. மூச்சு வாங்கறதுக்கில்ல, ஊரு பாக்கறதுக்குன்னு சொல்லுவாங்க."

மாஸ்டர் முதல் நாற்பது படியை ஒரே மூச்சில் ஏறினார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. மார்பு அடித்துக்கொண்டது. பிறகு நின்றார். திரும்பினார். கீழே ஓட்டுக் கூரைகள், அவற்றின் நடுவே துணி காயும் மொட்டை மாடிகள், கடைசியில் மைதானத்தில் தீப்பெட்டி அளவுக்கு அவர் கார். அதன் தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகை மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. அதன் பிறகு இருபது இருபதாகவே ஏறினார்.

பெயிண்டர் நூறாவது படி அருகே இருந்தார். ஒல்லியான, உயரமான ஆள். அவருக்குக் கீழே கைப்பிடிக் கம்பி முழுவதும் பச்சையாக மின்னியது. மேலே துரு. மாஸ்டர் அவருடைய கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

"நேத்து இருந்தவங்களோட தம்பி நான்."

பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்காக வைத்தார். "நீங்கதான் டிரைவிங் மாஸ்டரா?"

மாஸ்டர் அதை எதிர்பார்க்கவில்லை. தலையாட்டினார்.

"உக்காருங்க. இங்கதான் உக்காந்திருந்தாங்க. அந்தப் படி இல்ல, இது."

உட்கார்ந்தார். ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வாரமா தெனமும் இந்த வழியா வருவாங்க. வந்தா ரெண்டு வார்த்த பேசுவாங்க. கம்பியோட கால்ல மொதல்ல அடிங்க, தண்ணி அங்கதான் தேங்கும், துரு அங்கேருந்துதான் ஏறும்னு சொல்லிக் குடுத்தாங்க. சரியாத்தான் இருந்துச்சு. நேத்து வந்ததும் உக்காந்துட்டாங்க. மூஞ்சி வேர்த்திருந்துச்சு. கையப் புடிச்சுக்கங்கன்னாங்க. என் கையில பெயிண்டும்மான்னேன். பரவால்ல, நானும் துருப்பிடிச்சவதான்னாங்க."

மாஸ்டர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது ஃபோன் பண்ணணுமான்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேனே. ஆம்புலன்சுக்குச் சொன்ன உடனே அதத்தான் கேட்டேன். தம்பி இருக்கான்னாங்க. நம்பர் குடுங்கம்மான்னேன். மணி என்னன்னு கேட்டாங்க. பத்தரைன்னேன்."

"ம்."

"இப்ப பண்ணாதீங்கன்னுட்டாங்க. பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் அவனுக்கு கிளாஸ், பக்கத்துல புதுசா யாராவது ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு நடுங்கிட்டிருப்பாங்க. என் விஷயம் கேட்டா அவன் கால் பிரேக்குலேருந்து எடுபட்டுரும். பாவம், அந்தப் புள்ள பயந்துபோயிடும். பதினொண்ணு ஆகட்டும், நானே பேசறேன், அவன் என்மேல கோவமா இருக்கான், நான் பேசினாத்தான் ஆறும். அப்படின்னாங்க."

சந்தின் கீழே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்ததும் சத்தம் நின்றது.

நேற்றுப் பத்தரைக்கு மாஸ்டரின் பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது மூன்றாவது கிளாஸ். மேம்பாலத்தில் முதல்முறையாக ஏற்றியபோது கியர் மாற்றத் தெரியாமல் வண்டி பின்னால் உருண்டது. அவர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, "ஒண்ணும் ஆகல, மறுபடியும் எடும்மா" என்று சொன்னார்.

"நான் அப்பவே பண்ணிருக்கணுமோ?" என்றார் பெயிண்டர். "ராத்திரி பூரா அதே நெனப்பு."

"இல்ல" என்றார் மாஸ்டர். "அவ சொன்னது சரிதான்."

ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவரிடம் நீட்டினார். பெயிண்டர் கையைப் பழந்துணியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். இருவரும் தின்றார்கள்.

"அப்புறம் என்ன பேசினா?"

"அதோ, கீழ வலது பக்கம் ஒரு தெரு வளையுது பாருங்க. நீலக் கதவுக்கு அந்தப் பக்கம். அது எங்க போகுதுன்னு கேட்டாங்க. தெரியலம்மா, நான் போனதில்லன்னேன். பொறந்து வளந்த ஊரு. நெசமாவே போனதில்ல சார், எனக்கு அந்தப் பக்கம் வேலையே வந்ததில்ல. அவங்க சிரிச்சாங்க. நாளைக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க. அப்புறம் பேசல. கையப் புடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

மாஸ்டர் மணியைப் பார்த்தார். ஒன்று பத்து. இன்ஸ்பெக்டர் வர இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

நீலக் கதவைத் தாண்டி இடது ஓரமாக நடந்தார். முதலில் அவருடைய கண் பழக்கப்படி வேலை செய்தது. அகலம் எட்டடி, ஒரு வண்டிதான் போகும், எதிரே வந்தால் ரிவர்ஸ். பிறகு அது தானாகவே விட்டுப்போனது. ஒரு வாசலில் மூன்று அழைப்பு மணிகள் இருந்தன. இரண்டில் 'வேலை செய்யாது' என்று எழுதியிருந்தது, மூன்றாவதில் 'இதுவும்தான்' என்று. ஒரு ஜன்னலுக்குள் ஒருவர் ஆர்மோனியத்தைப் பிரித்துப் போட்டு, ஒரே ஒரு கட்டையை அமுக்கி அமுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டரின் காலடிச் சத்தத்துக்காக அவர் நிறுத்தினார், கடந்ததும் தொடர்ந்தார். அடுத்த வீட்டில் குழம்பு தாளிக்கும் மணம். ஒவ்வொரு வாசல் அருகிலும் தரையில் ஒரு சின்ன இரும்பு மூடி இருந்தது. இத்தனை வருடம் எத்தனை தெருவில் ஓட்டியிருக்கிறார். இந்த மூடிகள் எல்லா ஊரிலும் இருந்திருக்க வேண்டும்.

தெரு இரண்டு முறை வளைந்து, ஒரு சலவைக்கூடத்தின் பின்முற்றத்தில் முடிந்தது. முற்றம் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. இரண்டு பெண்கள் ஒரு விரிப்பின் நான்கு முனைகளைப் பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அருகில் வந்து முனைகளைச் சேர்ப்பதும் விலகுவதுமாக, பேச்சை நிறுத்தாமல். ஒருத்தி அவரைப் பார்த்து, "யாரைத் தேடறீங்க?" என்றாள்.

"யாரையும் இல்ல. தெரு எங்க போகுதுன்னு பாக்க வந்தேன்."

"இங்கதான் வருது" என்றாள் அவள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுபோல மடிப்பைத் தொடர்ந்தாள்.

அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். அக்காவாக இருந்தால் இங்கே எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று யோசித்தார். பிறகு, மறுபக்க ஓரமாகத் திரும்பி வந்தார். படிக்கட்டின் அடியில் நின்று கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, "சலவைக்கூடம்" என்று மேலே பார்த்து உரக்கச் சொன்னார். "பின்பக்கம். துணி காயப் போட்டிருக்காங்க. நல்லா இருக்கு."

மேலே பெயிண்டர் பிரஷ்ஷை உயர்த்திக் காட்டினார்.

*

இன்ஸ்பெக்டர் இரண்டேகாலுக்கு வந்தார். கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏட்டு கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நாலு மணிக்கு அக்காவை வேனில் ஏற்றினார்கள். ரொட்டிக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் மாஸ்டருமாகப் பிடித்தார்கள். அக்கா அவ்வளவு கனமாக இல்லை. கதவைச் சாத்தியதும் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

"முன்னாடி ஏறிக்கங்க சார்" என்றார் வேன் டிரைவர். வயதானவர், நிதானமானவர். "மைதானத்துல உங்க கார்கிட்ட இறக்கி விடறேன். அப்புறம் நீங்க பின்னாடியே வாங்க."

மாஸ்டர் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார்.

"நீங்க மெதுவா போங்க. மைதானம் வரைக்கும் நான் நடந்து வரேன்."

"இறக்கம் சார். கால் மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

டிரைவர் வேனை முதல் கியரிலேயே உருட்டினார். மாஸ்டர் பின்னால் ஓரமாக நடந்தார். சாயங்கால வெயில் வேனின் பின் கண்ணாடியில் விழுந்து தெருவின் இருபக்கச் சுவர்களிலும் மாறி மாறி அடித்தது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியை எடுத்தார். யாருக்காக என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

பாதி இறக்கத்தில் கையில் பார்சலோடு ஒரு வயதான பெண்மணி எதிரே ஏறி வந்தாள். வெளியூர் முகம். அவரை நிறுத்தி, "தபால் ஆபீஸ் இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டாள்.

மாஸ்டர் ஸ்டேஷனுக்குப் போகும்போது அதைப் பார்த்திருந்தார்.

"மேலதான். படிக்கட்டு வழியா போனா கிட்ட. ஆனா வேணாம், கம்பியில பெயிண்ட் ஈரமா இருக்கும், பிடிக்க முடியாது. ரொட்டிக்கடை தாண்டி வலது பக்கம் சுத்திப் போங்க. கொஞ்சம் தூரம், ஆனா நிழல்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் அவளுடைய செருப்பைப் பார்த்தார். பார்சலைப் பார்த்தார். யோசித்துவிட்டு, "பத்து நிமிஷம். நடுவுல ஒரு தடவ நின்னு திரும்பிப் பாத்தீங்கன்னா பன்னெண்டு" என்றார்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவள் ரொட்டிக்கடையைத் தாண்டி வலது பக்கம் திரும்புகிறாளா என்று அவர் நின்று பார்த்தார். திரும்பினாள்.

கீழே வளைவில் வேன் நின்றிருந்தது. டிரைவர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடிக்கவில்லை.